பதினொன்று நாற்பது

அருள்நாயகி ஒரு வழக்கைக் கையில் எடுத்தால் முதலில் ஒரு தாளைத் தட்டச்சு செய்வாள். நடந்தவை அதில் வரிக்கு ஒன்றாக இருக்கும். இடதுபக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஓரம் விட்டிருப்பாள். தாள் முடிந்ததும் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் நேரே அந்த ஓரத்தில், அதைக் கண்டவரின் பெயரை எழுதுவாள். கண்டவர் இல்லாத வரியை அடித்துவிடுவாள். அலுவலகத்தில் இதைப் பகிடி பண்ணுவார்கள். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட நனைந்தவனின் பெயரைக் கேட்பாளாம்.

ஆறு வருடங்களாக அவள் மத்திய அரசின் சட்டத்தரணி. கனடாவில் கொலை, களவு போன்றவற்றை மாகாணம் பார்த்துக்கொள்ளும். போதைப்பொருள், வருமானவரி, குடிவரவு தொடர்பான குற்றங்களுக்கு மத்திய அரசுதான் வழக்குத் தொடுக்கும். 1988இல் அவள் ரொறன்ரோ அலுவலகத்தில் சேர்ந்தபோது கொடுத்தது வரிப்பத்திரம் அனுப்பாதவர்களின் வழக்குகளை. நாளுக்கு முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் நாலு நிமிடம். அதில் இரண்டு வருடம். பிறகு பிணை நீதிமன்றத்தில் ஒரு வருடம். அதன்பின் டொனலி என்ற மூத்த சட்டத்தரணி அவளைத் தன் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார். 1994 இலையுதிர் காலத்தில் அந்தப் பிரிவில் இரண்டு மூத்த பதவிகள் வெற்றிடமாக இருந்தன. நவம்பரில் தெரிவுக்குழு கூடும். பட்டியலில் அவளுடைய பெயர் இருப்பதை டொனலி வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

அலுவலகத்தில் தமிழ்ப் பெயர் அவளுடையது ஒன்றுதான். தகப்பன் இரத்தினவேல் பொறியியலாளர். 1973இல், யாரும் யாரையும் துரத்தாத காலத்தில், வேலை விசாவில் குடும்பத்தோடு வந்தவர். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் இறந்து இரண்டு வருடமாகிறது. நகரின் கிழக்கிலுள்ள ஸ்காபரோவில் அவளும் தாயும்தான். தமிழ்ச் சனத்தின் கொண்டாட்டங்களுக்குத் தாய் இழுத்தால் போவாள். அங்கே அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்பார்கள்: "பிள்ளைதானோ எங்கடை ஆக்களை உள்ளுக்குத் தள்ளுற கவண்மென்ற் லோயர்?" கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அடுத்த மூச்சில் சொந்தக்காரரைக் கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

செப்டம்பர் இருபதாம் திகதி வந்த கோப்பு மெல்லியது. நகரின் மேற்கே பார்க்டேலில் ஒரு தொடர்மாடி வீட்டைப் பொலிஸ் நோட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதில் குடியிருந்தவன் ஆட்களைக் கள்ளமாக வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். சனம் ஏஜென்சிக்காரன் என்று சொல்லும். மே பதினைந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு நீல நிறக் கொரோலா ஒன்று வந்து நின்றது. வேட்டி கட்டிய ஒருவர் ஒரு பையோடு இறங்கி உள்ளே போனார். வெறுங்கையோடு வெளியே வந்தார். கார் போய்விட்டது. பொலிஸ் உள்ளே நுழைந்தபோது பையில் படம் மாற்றிய பதினொரு கடவுச்சீட்டுகள் இருந்தன. பத்துக்கு மேற்பட்டால் சட்டத்தில் தண்டனை இரட்டிப்பு. காரின் சொந்தக்காரர் சிவபாதம், நாற்பத்தொரு வயது, டோர்செட் பார்க்கில் குடியிருப்பவர், ஓர் உணவகத்தின் குசினிப் பொறுப்பாளர். இரண்டு நாள் கழித்து அந்தக் குசினியிலேயே அவரைக் கைதுசெய்தார்கள்.

அவர் கொடுத்த வாக்குமூலம் அரைப்பக்கம். பொலிஸ்காரர் பையைப் பற்றிக் கேட்கிறார். சிவபாதம் பதில் சொல்லாமல், "எந்த நாள்?" என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை. "எத்தனை மணி?" பதினொன்று நாற்பது. அதன்பிறகு, "ஓம், அது நான்தான்" என்கிறார். பையைத் தந்தவர் யார் என்பதற்கும் பதிலில்லை, என்ன கிடைத்தது என்பதற்கும் பதிலில்லை. அவருடைய சட்டத்தரணி குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எழுதி அனுப்பியிருந்தார். இரு தரப்பும் இரண்டு வருடச் சிறை என்று இணங்கியாயிற்று. முப்பதாம் திகதி வெள்ளிக்கிழமை நீதிமன்றம்.

ஒப்புக்கொள்ளும் வழக்கில் சாட்சிகள் வருவதில்லை. அரச சட்டத்தரணி எழுந்து நடந்தவற்றை வாசிப்பார். இவை சரியா என்று நீதிபதி கேட்பார். சரி என்று குற்றம்சாட்டப்பட்டவர் சொன்னால் முடிந்தது. ஆகவே அந்தத் தாள்தான் எல்லாம். அருள்நாயகி தாளைத் தட்டச்சு செய்து பென்சிலை எடுத்தாள். 'பையோடு இறங்கியவர் சிவபாதம்' என்ற வரிக்கு நேரே எழுத யாருமில்லை. பொலிஸ்காரர் வீதியின் மறுபக்கத்திலிருந்து முதுகைத்தான் கண்டிருந்தார். மற்றபடி, அது தான்தான் என்று சிவபாதமே சொல்லியிருக்கிறார். ஓரத்தில் 'அவரே' என்று எழுதினாள். எழுதிவிட்டு, எந்த நாள், எத்தனை மணி என்று அவர் கேட்ட இடத்தை இன்னொரு தடவை வாசித்தாள். ஒரு மனிதன் தான் செய்ததை இப்படியா விசாரித்துத் தெரிந்துகொள்வான்?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தாய் வரவேற்பறையில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர்களின் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு எல்லாவற்றினதும் வீடியோக் கசற் வீடு வீடாகச் சுற்றும். அன்றைக்கு வந்திருந்தது கோயிலில் பழக்கமான இராஜேஸ்வரியின் மகள் நிலாணியின் சாமத்தியவீட்டுக் கசற். நிலாணியின் முகம் ஒரு ரோசாப்பூவுக்குள்ளிருந்து எழும்பியது. பிறகு நயாகரா நீர்வீழ்ச்சிக்கு மேலாக மிதந்தது.

"வந்து இரு," என்றார் தாய். "இராஜேஸ்வரியின்ரை மச்சாள்காரியைப் பார். மா ரின்னுக்குள்ளை விழுந்தெழும்பின மாதிரிப் பூசியிருக்கிறா."

"நான் நேரிலை பாத்தனான்தானே அம்மா. நீங்கள்தானே இழுத்துக்கொண்டு போனீங்கள்."

"நேரிலை நீ எங்கை பாத்தனீ? மணிக்கூட்டைத்தானே பாத்துக்கொண்டிருந்தனீ."

அருள்நாயகி தேநீர்க் கோப்பையோடு கதிரையின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். திரையில் மண்டபத்து மேடை. பட்டு வேட்டியும் சால்வையுமாக ஒருவர் வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெண்ணின் தாய்மாமன். சாமத்தியச் சடங்கில் தேங்காய் உடைப்பதும் பெண்ணை அழைத்து வருவதும் அவருடைய உரிமை. அவரில்லாமல் எதுவும் தொடங்காது.

"என்ன மாமன், வெறுங்கையோடை நிக்கிறியள்?" கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பூமாலை எங்கை?"

"தம்பி காரைக் கொண்டு போனவன், இன்னும் காணேல்லை," என்றார் மாமன். "பார்க்டேலிலை மாலை கட்டுற மனிசி இப்பத்தான் ஊசிக்கு நூல் கோக்கிறாவாக்கும்."

"உவனை நம்பினதுக்கு நீங்களே போயிருக்கலாம்."

"மூத்த மாமன் வெளிக்கிட்டால் தேங்காய் ஆர் உடைக்கிறது? நீ உடைக்கிறியோ?"

மண்டபம் சிரித்தது. கமரா சிரிப்பவர்களின் பக்கம் திரும்பியது. "உதிலை நீ இருக்கிறாய், பார்," என்றார் தாய். "முகத்தை உம்மெண்டு வைச்சுக்கொண்டு." இரண்டாவது வரிசையில், பச்சைச் சேலையில், அவள்தான். மேடையில் நின்ற மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் வலது மூலையில் வெள்ளை இலக்கங்களில் மே 15, 1994. நேரம் பதினொன்று முப்பத்தொன்பது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நாற்பதாகியது.

"இந்த மாமனுக்கு என்ன பெயர், அம்மா?"

"சிவபாதம். இராஜேஸ்வரியின்ரை தமையன். அவளின்ரை மனிசன் எண்பத்தேழிலை காணாமல் போனதிலையிருந்து அந்த மனுசன்தான் குடும்பத்தைத் தூக்கிறது. இளையவன் வாகீசன். போன வருசம்தான் வந்தவன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். கோப்பில் இருந்தது தாடி வளர்ந்த, கண் சிவந்த ஒருவரின் பொலிஸ் படம். இந்த முகத்தோடு அதை அவள் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. மண்டபத்தில் அவர் அவளுக்கு வெறும் மாமன். கசற்றைப் பின்னால் ஓடவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு முன்னால் ஓடவிட்டாள். பன்னிரண்டரைக்குப் பிறகு, தமையனின் சாயலில் மெலிந்த ஓர் இளைஞன், வேட்டியை மடித்துக் கட்டியபடி, மாலைப் பெட்டியோடு வாசலால் ஓடிவந்தான். சனம் கைதட்டியது.

பிணைப் பத்திரத்தின் குடும்ப விவரங்களில் அந்த இளைஞனும் இருந்தான். தம்பி வாகீசன், இருபத்துமூன்று வயது, அகதி விண்ணப்பம் நிலுவையில். தமையனுக்குக் கனடியக் குடியுரிமை இருந்தது. சிறைக்குப் போனாலும் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. தம்பி சிறைக்குப் போனால் விண்ணப்பமும் போகும், அவனும் போவான். எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டதும் சிவபாதத்துக்கு எல்லாம் விளங்கியிருக்கும். மாலை எடுக்கப் போனவன் ஏன் பிந்தினான் என்பது உட்பட.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் இராஜேஸ்வரி வந்தாள். பஸ்ஸில் வந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"கசற்றை வாங்கிக்கொண்டு போவம் எண்டு வந்தனான், அன்ரி," என்றாள் தாயிடம்.

"அதுக்கென்ன, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

தாய் குசினிக்குள் போனதும் இராஜேஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தின் பிரதியை எடுத்து விரித்தாள். சிவபாதத்தின் சட்டத்தரணிக்கு அலுவலகம் அனுப்பிய கடிதம். அடியில் அருள்நாயகியின் கையெழுத்து.

"இது நீங்கள்தானே தங்கச்சி?"

"அக்கா, உந்தக் கேசைப் பற்றி நீங்கள் என்னோடை கதைக்கக் கூடாது. நீங்கள் சொல்லுறதை நான் எழுத வேண்டி வரும்."

"எழுத வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணை மூத்தவர். அவர் முடிவெடுத்திட்டார். ரெண்டு வருசம். நான் ரெண்டு வேலை செய்வன், நிலாணி பின்னேரங்களிலை செய்வாள். நாங்கள் சமாளிப்பம். தம்பிக்கு நவம்பர் பதினேழாம் திகதி அகதிக் கேஸ். அவனை அனுப்பினால் கொழும்பிலை இறங்கின உடனை பிடிப்பாங்கள். பேந்து எங்கை தேடுறது? என்ரை மனிசனைத் தேடி நான் போகாத ஆமிக் காம்ப் இல்லை."

அருள்நாயகி கடிதத்தை மடித்து அவளிடமே நீட்டினாள்.

"அவன் அந்தப் பைக்குள்ளை என்ன இருக்கெண்டு திறந்து பாக்கேல்லை. அவனைக் கொண்டுவந்த ஏஜென்சி, மாலை எடுக்கப் போற வழிதானே, இதையும் குடுத்திட்டுப் போ எண்டால் என்னண்டு மாட்டன் எண்டுறது?"

"அக்கா, போதும்."

"உங்களுக்கு விளங்காது. நீங்கள் பிளேனிலை ஜன்னல் சீற்றிலை வந்தனீங்கள்."

அது உண்மை. பன்னிரண்டு வயதில், ஜன்னலோரம், மடியில் ஒரு பொம்மையோடு. அருள்நாயகி எழுந்துபோய்க் கசற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைக் கொடுத்துவிட்டால் அவளிடம் மிஞ்சுவது அவளுடைய சொல் மட்டும்தான் என்பது அவளுக்குத் தெரியும். கொடுக்காமல் வைத்திருக்க அவளுக்கு உரிமையில்லை என்பதும் தெரியும்.

"இது உங்கடை பொருள். இந்தாங்கோ. ஆனால் நான் கண்டதை உங்களிட்டைத் திருப்பித் தர ஏலாது, அக்கா. நான் அங்கை இருந்தனான்."

இராஜேஸ்வரி கசற்றைக் கைப்பைக்குள் வைத்தாள். தேநீர் வந்தபோது அவள் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

தாய் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வெகுநேரம் கழித்து, கோப்பைகளைக் கழுவியபடி சொன்னார்: "நானும்தான் கண்டனான். அந்த மண்டபத்திலை இருநூற்றைம்பது சனம் கண்டது. ஒருத்தரும் கோட்டுக்குப் போகேல்லை."

"அவை ஒருத்தரும் வாசிக்கத் தேவையில்லை, அம்மா. வெள்ளிக்கிழமை எழும்பி வாசிக்கப் போறது நான்."

"அப்ப வேறை ஆரும் வாசிக்கட்டுமே."

அந்த வழி அவளுக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்ட கடிதம் போலச் சுத்தமான வழி. புதன்கிழமை காலை டொனலியின் அறைக்குப் போனாள். அவர் ஐம்பத்தெட்டு வயது மனிதர். சிகரெட்டை விட்டதிலிருந்து எந்நேரமும் மேசையில் ஒரு கிண்ணம் மிட்டாய் வைத்திருப்பார். குற்றம்சாட்டப்பட்டவரின் குடும்பம் தன் தாய்க்குப் பழக்கமானது, கோப்பை வேறொருவருக்குக் கொடுங்கள் என்றாள். டொனலி உடனே தலையாட்டினார். முன்கூட்டியே சொன்னது நல்லது, இப்படித்தான் இருக்கவேண்டும் என்றார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மேசைக்குத் திரும்பி, கைமாற்றுவதற்காகக் கோப்பை அடுக்கினாள். தாள் மேலே இருந்தது. 'பையோடு இறங்கியவர் சிவபாதம்.' ஓரத்தில் அவளுடைய பென்சிலால் 'அவரே'. வெள்ளிக்கிழமை அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த இளம் சட்டத்தரணி ஒருவன் இதை வாசிப்பான். நல்ல குரல் அவனுக்கு. அவள் தயாரித்த தாள் என்பதால் சந்தேகமே இல்லாமல் வாசிப்பான். அவள் அழிறப்பரை எடுத்து 'அவரே' என்பதை அழித்தாள். அந்த இடம் வெறுமையாகியது. வரி அப்படியே இருந்தது. இருபது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலால் வரியை அடித்தாள். அடியில் புதிதாக ஒரு வரி எழுதினாள். 'பதினொன்று நாற்பதுக்குச் சிவபாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்து மேடையில் நின்றார்.' அதற்கு நேரே ஓரத்தில் தன் முழுப்பெயரையும் எழுதினாள்.

டொனலி தாளை வாசித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது வேறு யாருக்குத் தெரியும்?"

"இருநூற்றைம்பது பேருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "இதை என்னிடம் தந்தால் நீங்கள் சாட்சி. சாட்சிகள் வழக்குத் தொடுப்பதில்லை. இந்தக் கோப்பிலிருந்து கிளை பிரியும் எந்தக் கோப்பையும் நீங்கள் தொடமுடியாது. எங்கள் குடிவரவு வழக்குகளில் பாதி இதிலிருந்துதான் கிளை பிரிகிறது. தெரிவுக்குழு என்ன நினைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தன் ஆட்களில் ஒருவரைக் காப்பாற்றினாள் என்று ஒருவர் சொல்வார். தன் ஆட்களில் ஒருவரைக் காட்டிக்கொடுத்தாள் என்று வெளியில் சொல்வார்கள். இரண்டும் ஒரே தாளுக்காக." மிட்டாய்க் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். "ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நீங்கள் வந்துவிட்டுப் போனது போதுமானது. யாரும் குறை சொல்ல முடியாது. யோசிக்க நாளைவரை நேரம் தரட்டுமா?"

"வேண்டாம்," என்றாள்.

வியாழக்கிழமை பொலிஸ் பிடியாணையோடு டோர்செட் பார்க்குக்குப் போனது. கசற் ரிவிக்குக் கீழே, வழக்கமான இடத்திலேயே இருந்தது. இராஜேஸ்வரிக்கு ஒன்றரை நாள் அவகாசம் இருந்திருக்கிறது. அதை எரித்திருக்கலாம், குப்பைக் குழாய்க்குள் போட்டிருக்கலாம். ஆனால் சுவிஸிலுள்ள உறவினருக்கு அனுப்பிய பிரதி அங்கேயுள்ள ரிவிகளில் ஓடவில்லை. வீடியோக்காரர் தன்னிடமிருந்த நாடாக்களின் மேல் வேறு கலியாணங்களைப் பிடித்துவிட்டார். மகளுடைய சாமத்தியவீட்டுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அருள்நாயகி முதல் தடவையாகப் பொதுமக்கள் அமரும் வாங்கில் இருந்தாள். நல்ல குரல்காரன் எழுந்து, வேறு சான்று கிடைத்திருப்பதால் சிவபாதத்தின் மேலுள்ள குற்றச்சாட்டை அரசு மீளப்பெறுகிறது என்றான். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை சிவபாதம் நிமிர்ந்து நின்றார். நீங்கள் போகலாம் என்று நீதிபதி சொன்னபோதும் அவர் அசையவில்லை. தான் ஒப்புக்கொள்ள வந்ததாகத் தமிழில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "அவருக்கு விளங்கவில்லையா?" என்று நீதிபதி கேட்டார். விளங்கியது என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வெளியே, கல் தூண்களுக்கு நடுவில், சிவபாதம் அவளுக்காகக் காத்துநின்றார். இப்போது அவர்மேல் வழக்கில்லை. பேசலாம்.

"தங்கச்சி, நான் உங்களிட்டைக் கேட்டனானோ?"

"இல்லை, அண்ணை."

"என்னைக் காப்பாத்துங்கோ எண்டு ஆரும் உங்களிட்டை வந்தவையோ?"

"இல்லை."

அவர் தோள்துண்டை உதறுவதுபோல் ஜக்கற்றை உதறிப் போட்டுக்கொண்டு படிகளில் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை வாகீசன் தானாகவே வந்து சரணடைந்தான். தம்பியுடைய இடத்தில் இனித் தமையன் நிற்க முடியாது. தாள் வேறொருவர் தயாரித்தது, வேறொருவர் வாசித்தார். பதினான்கு மாதச் சிறை. அகதி விசாரணை தள்ளிப்போய், மறுபடி தள்ளிப்போய், நிராகரிக்கப்பட்டது. தெரிவுக்குழு நவம்பரில் வேறு இருவரைத் தெரிவுசெய்தது. காரணம் எழுதவில்லை. அருள்நாயகிக்கு மறுபடியும் வரிப்பத்திரங்கள் வந்தன. நாளுக்கு முப்பது பேர். கோயிலுக்குத் தாய் தனியாகப் போகத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அதையும் குறைத்துக்கொண்டார். மண்டபங்களில் கவண்மென்ற் லோயர் என்று பகிடி பண்ண இப்போது யாரும் வரவில்லை. அழைப்பிதழே வரவில்லை. 1996 கடைசியில், டொனலி ஓய்வுபெறுவதற்குச் சில வாரங்கள் முந்தி, அவளுக்கும் அப்படியொரு மூத்த பதவி கிடைத்தது. டொனலி கைகுலுக்கினார். அவள் நன்றி சொன்னாள். அன்றைக்கும் வீட்டில் சோறும் பருப்பும்தான்.

சான்றுப் பொருட்களைத் திருப்பிக் கொடுக்க நெடுநாள் எடுக்கும். 1997 ஏப்ரலில் கசற் ஒரு பழுப்பு உறையில் அலுவலகத்துக்கு வந்தது. சொந்தக்காரருக்குத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றார் எழுதுவினைஞர். தானே கொடுப்பதாக அருள்நாயகி வாங்கிக்கொண்டாள்.

ஒன்பதாம் மாடிக் கதவைத் திறந்தது நிலாணி. பதினாறு வயது. கடையொன்றின் சீருடைச் சட்டை போட்டிருந்தாள்.

"ஓ. நீங்கள் அந்த லோயர், றைட்?" உள்ளே திரும்பி, "மாமா, அவா வந்திருக்கிறா," என்றாள். எந்த அவா என்று சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை.

சிவபாதம் சாறத்தோடு ஜன்னலருகில் இருந்தார். நரைத்திருந்தார். இராஜேஸ்வரி வேலைக்குப் போய்விட்டாள். அருள்நாயகி உறையை நீட்டினாள். அவர் கசற்றை வெளியே எடுத்து, மேலே ஒட்டியிருந்த இலக்கத்தை வாசித்துவிட்டு நிலாணியிடம் கொடுத்தார்.

"இருங்கோ," என்றார்.

அவள் சோபாவின் நுனியில் இருந்தாள்.

"தம்பியைப் போன மாசம் அனுப்பினவங்கள். கொழும்பிலை நாலு நாள் வைச்சிருந்து விட்டவங்கள். இப்ப ஒரு லொட்ஜிலை இருக்கிறான். றோட்டிலை இறங்கப் பயம். சனிக்கிழமையிலை கதைப்பான்." அவள் பக்கம் திரும்பினார்: "நான் உள்ளுக்குப் போயிருந்தால் எப்பவோ வெளியிலை வந்திருப்பன். அவன் இஞ்சை இருந்திருப்பான். அதை யோசிச்சனீங்களோ?"

"யோசிச்சனான், அண்ணை."

"எப்ப?"

"சொல்லுறதுக்கு முதலே."

அவர் அவளை நேராகப் பார்த்தார். கோபத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள். அது இருந்தது. கூடவே, பதிலைத் தூக்கிப் பார்த்து நிறை அறிகிற ஒருவரின் முகமும் இருந்தது. "முதலே," என்று மட்டும் திருப்பிச் சொன்னார்.

நிலாணி கேட்காமலே கசற்றைப் போட்டுவிட்டாள். இரண்டரை வருடம் பார்க்காதது. ரோசாப்பூவுக்குள்ளிருந்து தன் முகம் எழும்பியதைப் பார்த்து, "ஓ மை கோட்," என்று வாயைப் பொத்தினாள். பிறகு மேடை வந்தது. மாமன் வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பூமாலை எங்கை என்று அந்தக் குரல் கேட்டது. சிவபாதம் எழுந்து பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முதுகு தெரிந்தது. வீதியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அது தம்பியின் முதுகாகவும் இருக்கலாம்.

அருள்நாயகி எழும்பிப் போயிருக்கலாம். கொண்டுவந்த பொருளைக் கொடுத்தாயிற்று. இரண்டாவது வரிசையில் பச்சைச் சேலைக்காரி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் இலக்கங்கள் மாறின. நிலாணி முன்னால் ஓடவிடவில்லை. இருவரும் ஒரு மணித்தியாலத்தை முழுதாகப் பார்த்தார்கள். கடைசியில் வாகீசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலைப் பெட்டியோடு வாசலால் ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. மன்னிப்புக் கேட்பதுபோல் தமையனைப் பார்த்துச் சிரித்தான். மண்டபம் கைதட்டியது.

நிலாணி ரிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அருள்நாயகி எழுந்து, வாசலில் கழற்றிய சப்பாத்தைத் தேடினாள்.